இடைத்தங்கலில் விட்டு வந்தவர்

கொழும்பில் இரண்டு நாள் ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டேன். விமானப் பயணிகளுக்கான கைப்பேசிச் செயலி ஒன்றைத் தமிழாக்கும் வேலை. ஒரு விமானத்தில் இறங்கி அடுத்த விமானம் ஏறுகிற வரைக்கும் நடுவில் ஏதோ ஓர் ஊரில் காத்துக் கிடக்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் பிரச்சினை. நடைமுறையில் எல்லாரும் 'ட்ரான்சிட்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் எங்களைக் கூட்டி உட்கார வைத்தவர்களுக்குத் தமிழ்ச் சொல்தான் வேண்டுமாம். சென்னைக்காரர் ஒருவர் 'இடைநிறுத்தம்' என்றார். கரண்ட் போன மாதிரி இருக்கிறது என்றேன். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் 'மாறுமிடம்' என்றார். நான் 'இடைத்தங்கல்' என்றேன். முப்பது வருடம் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தியவன் நான். என் சொல்தான் நிற்க வேண்டும் என்கிற வீம்பு இன்னும் போகவில்லை. கொழும்பு அம்மையார் ஒருவர் மட்டும் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம் என்றார். காரணம் கேட்டேன். நீங்கள் கிழக்குப் பக்கம் போகிறீர்களாமே, அங்கே கேட்டுப் பாருங்கள் என்று முடித்துக்கொண்டார்.

நான் கிழக்கே போனது அந்தச் சொல்லுக்காக அல்ல. கல்முனையில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று மாதமாக அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால், வளைகுடாவில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, நடுவில் ஒரு விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டி வந்தது. பக்கத்து இருக்கைக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் அன்சார். கல்முனைக்காரர். நான்கு வருடம் ஊர்ப்பக்கமே போகாமல் பாலைவனத்தில் லாரி ஓட்டியவர். என் கைப்பேசிப் பேச்சில் தமிழ் கேட்டதும் எழுந்து வந்து கைகொடுத்தார். நான் முறுக்கைப் பிரித்தேன். அவர் குப்பூஸ் ரொட்டியையும் அவித்த முட்டையையும் எடுத்து வைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஆறுமுகநேரி, காயல்பட்டணத்துக்குப் பக்கத்தில் என்றேன். ஆறுமுகநேரியை அவர் அப்படியே விட்டுவிட்டார். காயல்பட்டணத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய சிம்மை வேலை செய்த இடத்தில் முடக்கிவிட்டார்கள். அதனால் என் போனிலிருந்துதான் மனைவியிடம் பேசினார். "காயல்பட்டணத்து ஆள் ஒருத்தர் பக்கத்தில இரிக்காரு, நீ ஒண்டுக்கும் பயப்படாத" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. திருத்தலாம் என்று நினைத்தேன். என்ன பெரிய விஷயம் என்று விட்டுவிட்டேன். தொழுகை நேரம் வந்தபோது அன்சார் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இரண்டு வேளைத் தொழுகையைச் சேர்த்துத் தொழுதுவிட்டு வந்தார். வழிப்போக்கனுக்கு அந்தச் சலுகை உண்டு, இங்கே நாம் முஸாபிர் என்றார். பிறகு நெஞ்சு எரிகிறது என்றார். என்னிடம் எப்போதும் இருக்கும் வாயு மாத்திரையில் ஒன்று கொடுத்தேன். போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்து தூங்கினார். என் விமானத்துக்கு அழைத்தார்கள். அவருடைய விமானத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. நான் எழுந்து போய்விட்டேன்.

ஊருக்கு வந்த மூன்றாவது நாள் கல்முனையிலிருந்து போன் வந்தது. மச்சான் உங்களோடு இருக்கிறாரா என்று ஓர் ஆண் குரல் கேட்டது. அன்சார் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. இரண்டு நாள் கழித்து அதே குரல், அவர் விமான நிலையத்திலேயே மௌத்தாகிவிட்டார், இறந்துவிட்டார் என்றது. அவருடைய விமானம் போன பிறகு, துப்புரவு செய்கிறவர்கள் எழுப்பப் போய்த்தான் தெரிந்ததாம்.

அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை. நான் எழுந்து போகும்போது அந்த மனிதர் உயிரோடு இருந்தாரா, இல்லையா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்னால் என் வீட்டு வாசலைக்கூட நிம்மதியாகத் தாண்ட முடியவில்லை. கொழும்புக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது, இதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியாது என்று தெரிந்துபோனது. அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அவருடைய மனைவியிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கல்முனைக்குப் பகல் பஸ் பிடித்தேன். நம் ஊர் பஸ்களைவிடச் சத்தமான பாட்டு, நம் ஊர் பஸ்களைவிட நெருக்கமான இருக்கை. நிறுத்தத்தை இங்கே பலகைகளில் 'தரிப்பிடம்' என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல சொல். ஆனால் இறங்குகிறவர்கள் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. "அடுத்த ஹோல்ட்ல நிப்பாட்டுங்க" என்றுதான் குரல் கொடுத்தார்கள். எழுதுகிற சொல்லுக்கும் இறங்குகிற சொல்லுக்கும் எல்லா நாட்டிலும் இதே தூரம்தான் போலிருக்கிறது.

மலை இறங்கின பிறகு டயர் வெடித்தது. எல்லாரையும் இறக்கி விட்டார்கள். ஒரு பெட்டிக்கடையில் பால் விடாத பிளேன்டீயும், பணிஸ் என்று இங்கே சொல்கிற பழைய பன்னும் கிடைத்தன. பணிஸைத் தேநீரில் தோய்த்தால்தான் பல் தப்பும். எனக்கு முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்கள் மர நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சவூதியில் வீட்டுவேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர் அடுத்த மாதம் போகப் போகிறவர். போகிறவருக்கு எல்லாப் பயத்தையும் விட நடுவில் விமானம் மாறுகிற பயம்தான் பெரிதாக இருந்தது.

"ட்ரான்சிட்ல ஒரு பகலும் ஒரு ராவும் கிடந்தன் புள்ள," என்றார் திரும்பியவர். "பேக்கைக் கையில கட்டிக்கிட்டுக் கிடந்தன். ஆரோடயும் கதைக்கல்ல."

'இருந்தேன்' என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். அன்சாரும் அப்படித்தான் சொன்னார். இன்னும் எத்தனை மணி நேரம் கிடக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். வீட்டில் இருக்கிறோம், வேலையில் இருக்கிறோம், ட்ரான்சிட்டில் மட்டும் கிடக்கிறோம். கொழும்பில் இரண்டு நாள் மேசையைத் தட்டிச் சண்டை போட்ட எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

பஸ் கல்முனையில் இறக்கி விட்டபோது வெயில் தாழ்ந்துவிட்டது. பஸ் நிலையத்தில் இர்ஷாத் காத்திருந்தார். அன்சாரின் மனைவிக்கு அண்ணன். போனில் என்னோடு பேசிய குரல் இவருடையதுதான். நாற்பது வயதுக்குள் இருக்கும். சந்தைக்குப் பக்கத்தில் போட்டோகாப்பிக் கடை வைத்திருக்கிறார். வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்புவது, டிக்கட் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். என் பையை வாங்கிக்கொண்டார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கச்சி வீட்டுக்கு இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி என்னை ஒரு விடுதியில் விட்டுவிட்டுப் போனார்.

விடுதி என்றால் வீடுதான். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், பின்னால் இருக்கும் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். ஊரே அவரை ரீச்சர் என்கிறது. காலையில் பிட்டும் சூரை மீன் குழம்பும் வைத்தார். எங்கள் ஊரில் புட்டுக்கு மீன் குழம்பு என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே சாப்பிட்டுப் பார்த்த பிறகு எங்கள் ஊர்க்காரர்கள்மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. அருகில் பாண்டிருப்புக் கோயிலில் மணி அடித்தது. அது அடங்கும் முன்னே ரீச்சர் வீட்டு வானொலியில் ஜெபம் தொடங்கியது.

கொழும்பு அம்மையார் சொன்னது நினைவுக்கு வந்து, இடைத்தங்கல் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று ரீச்சரிடம் கேட்டேன். கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சுனாமிக்குப் பிறகு எங்கள எல்லாம் வச்ச இடம்," என்றார். "இடைத்தங்கல் முகாம் எண்டு பெருசா போர்ட் போட்டிருந்தது. மூண்டு மாசம் எண்டாங்கள். நாங்க மூண்டு வருசம் இருந்தம். என்ர அவர் அங்கதான் செத்தவர்."

தகரக் கூரையின் சூட்டையும், தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியதையும், பொதுக் கழிப்பறை வாசலில் தன்னிடம் படித்த பிள்ளைகளோடு வரிசையில் நின்றதையும் சொன்னார். இங்கே கடலோரத்தில் தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லாரும் அந்தப் பெயர் போட்ட இடங்களில் கிடந்தவர்கள்தானாம். நான் என்ன வேலைக்காக அதைக் கேட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறைக்குப் போய்க் கொழும்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், ட்ரான்சிட் என்றே இருக்கட்டும் என்று எழுதினேன். முப்பது வருடத்தில் நான் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்த முதல் சொல் அது.

பத்து மணிக்கு இர்ஷாத் மோட்டார் சைக்கிளில் வந்தார். தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை. ஒலுவில் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். துறைமுகம் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. அவரும் இல்லை என்பது அவர் வண்டி ஓட்டிய லட்சணத்திலேயே தெரிந்தது. வழியெல்லாம் பள்ளிவாசல்கள், அரிசி ஆலைகள், நெல் மூட்டை ஏற்றிய லாரிகள். ஒலுவிலில் மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வலை காயும் வாடை. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடியே இர்ஷாத் விஷயத்துக்கு வந்தார்.

தங்கை பரீனா இத்தாவில் இருக்கிறாள். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. எனவே நான் அவளைப் பார்க்க முடியாது. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசலாம். அது எனக்குத் தெரிந்ததுதான், காயல்பட்டணத்துப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அது புதிதல்ல. ஆனால் அடுத்ததாக அவர் சொன்னதற்கு நான் தயாராக இல்லை.

அன்சார் கடைசியாகப் பேசியபோது காயல்பட்டணத்து ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று சொன்னாரல்லவா. இந்தக் கரையில் காயல்பட்டணத்து ஆள் என்றால் முஸ்லிம்தான். அதுவும் மார்க்கம் ஓதின ஆள். பரம்பரையாக அங்கிருந்து ஆலிம்களும் வியாபாரிகளும் வந்து போன கரை இது. வேறு யாராவது அந்த ஊர்ப் பெயரோடு வருவார்கள் என்று எவரும் யோசிக்க மாட்டார்கள். மௌத்துச் செய்தி வந்த அன்று பரீனா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாளாம்: ரூஹு பிரிகிறபோது, இறைவன் ஒருவனே என்கிற கலிமாவை அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்ததா? வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்களா? அவள் கேட்கக் கேட்கத் தாங்க முடியாமல் இர்ஷாத் சொல்லிவிட்டார். ஓம், அந்தக் காயல்பட்டணத்து ஹாஜியார் பக்கத்திலேயே இருந்தார், தண்ணீர் விட்டார், காதில் கலிமா சொன்னார், மச்சானும் கூடவே சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

நான் சிவசுப்பிரமணியன். எனக்குக் கலிமா தெரியாது. அன்சாரின் வாயில் நான் போட்டது ஒரு வாயு மாத்திரை.

அதை முதல் நாளே போனில் உங்களிடம் சொன்னேனே என்றேன். சொன்னீர்கள், எனக்கு எல்லாம் தெரியும் என்றார். பிறகு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நேரா வாற பிளேனும் இருந்திச்சி ஐயா. காசு கொஞ்சம் குறைவு எண்டு ட்ரான்சிட் டிக்கட்டை எடுத்துக் குடுத்தது நான்தான். தங்கச்சிக்கிட்ட அந்த ஒரு பொய்யாவது இருக்கட்டும். நீங்க அத உடைச்சிப் போடாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதமாக ஒரு பாரத்தை நெஞ்சில் கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்து இறக்கி வைக்கப் போகிறபோது, இறக்காதே, இன்னொன்றையும் சேர்த்துத் தூக்கு என்கிறார் ஒருவர். ஆனால் அவர் தோள் நடுங்கியதையும் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை. அன்சாரை எங்கே அடக்கினார்கள் என்று கேட்டேன். உடலைக் கொண்டுவர நாளாகும் என்றதால் இவர்களே சம்மதம் எழுதி அனுப்பினார்களாம், அந்த விமான நிலைய ஊரிலேயே அடக்கிவிட்டார்கள். அந்த ஊருக்கு அன்சாரிடம் விசா கிடையாது. உயிரோடு இருந்தவரை கண்ணாடிக்கு வெளியே ஓரடி எடுத்து வைக்க அவரை விட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில் என்று முடிவாயிற்று. காலையில் குளித்துவிட்டு, வழக்கம்போல விபூதிப் பையைத் திறந்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடி வைத்தேன். வெறும் நெற்றியோடு கண்ணாடியில் நின்ற ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

வீடு கடற்கரைப் பக்கம், ஒடுக்கமான மணல் ஒழுங்கையில் இருந்தது. வாசலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் பிடித்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். நான் அன்சாருக்குச் செய்ததற்கு இரண்டு உலகத்திலும் கூலி கிடைக்கட்டும் என்று ஒருவர் துஆ செய்தார். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்கும் சந்தர்ப்பம் வராதபடி இர்ஷாத் பேச்சை ஓட்டிக்கொண்டே இருந்தார். பெரிய தட்டில் சோறு வந்தது. அதற்கு இங்கே சவன் என்று பெயர். ஒரு தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு எதிரே இருந்த பள்ளிவாசல் நிர்வாகி, நல்ல இறைச்சித் துண்டுகளை எல்லாம் என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். அவர் தள்ளத் தள்ள நான் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

கூடத்தின் உள்கதவில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் பெண்கள் இருப்பது பாத்திரச் சத்தத்தில் தெரிந்தது. அந்தத் திரையை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

சாப்பிட்ட பிறகும் பேச்சு நீண்டது. காயல்பட்டணத்தில் இன்ன தெரு தெரியுமா, இன்ன குடும்பம் தெரியுமா என்று கேட்டார்கள். தெருக்கள் எனக்கு உண்மையாகவே தெரியும் என்பதால் அதில் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்போது அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. எல்லாரும் எழுந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகி என் தோளைத் தொட்டு, வாங்க ஹாஜியார், சேர்ந்தே போவோம் என்றார். நான் இர்ஷாத்தைப் பார்த்தேன்.

"அவரு முஸாபிர்," என்றார் இர்ஷாத். "ளுஹரோட சேத்துத் தொழுதிட்டாரு. இருக்கட்டும்."

மத்தியானத் தொழுகையோடு மாலைத் தொழுகையையும் சேர்த்துவிடுகிற, அன்சார் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே சலுகை. நிர்வாகி மரியாதையோடு தலையசைத்துவிட்டுப் போனார். இர்ஷாத் வாசலில் ஒரு நிமிடம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவர்களோடு போனார். கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. உம்மாவும் இங்கதான் இருக்கிறா என்று ஓர் இளம் குரல் முதலில் சொன்னது.

"ஐயா, நீங்க எங்கட ஆள் இல்ல எண்டு எனக்குத் தெரியும்," என்றாள் பரீனா.

எப்படித் தெரியும் என்று அவளே சொன்னாள். அன்சார் என் போனிலிருந்து பேசினாரல்லவா, அந்த எண் அவளுடைய போனில் இருந்தது. செய்தி வந்த அன்று இரவே வாட்ஸ்அப்பில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். என் மகள் கல்யாணத்தில் எடுத்த படம், நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மாலை. முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"காக்கா சொன்னத நம்பின மாதிரித்தான் இரிக்கன். இல்லாட்டி அவரு விழுந்து போயிருவாரு. அந்த டிக்கட்டால அவரு சரியாச் சாப்பிட்டே மூணு மாசம்." அண்ணனை இங்கே காக்கா என்பார்கள், காயல்பட்டணத்திலும் அப்படித்தான். "எனக்கு நடந்ததச் சொல்லுங்க ஐயா."

சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் உதவவில்லை. முறுக்கு, குப்பூஸ், முட்டை என்று எங்கெங்கோ தொடங்கினேன். அவர் பிள்ளைகளின் படத்தைக் காட்டியதைச் சொன்னேன். தொழுததைச் சொன்னேன். நெஞ்சு எரிகிறது என்றதையும் நான் வாயு மாத்திரை கொடுத்ததையும் சொன்னேன். அந்த மண்டபத்தின் கடைசியில் மருத்துவ உதவி என்று ஒரு பலகை இருந்ததையும் சொன்னேன். அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்தும், அதற்கு என்ன தமிழ் போடலாம் என்று யோசித்தேனே தவிர, அவரைக் கூட்டிக்கொண்டு போகத் தோன்றவில்லை. என் விமானத்துக்கு அழைத்தபோது அவர் தூணில் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பையின் வாரை மணிக்கட்டில் சுற்றியிருந்தார். மூச்சு வருகிறதா என்று நான் பார்க்கவில்லை. நல்ல தூக்கம், எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் அம்மா, கலிமாவும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றேன். அதற்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். அறுபத்திரண்டு வயதில், தெரியாத வீட்டுக் கூடத்தில், திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு.

உள்ளே அவளுடைய உம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பரீனா அழுத மாதிரித் தெரியவில்லை.

சுனாமிக்குப் பிறகு தாங்களும் முகாமில் இருந்ததாக அவள் சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. பக்கத்துக் கூடாரத்தில் தனியாள் ஒரு பொம்பிளை காய்ச்சலில் கிடந்தாளாம். இவர்கள் குடும்பத்துக்கு வீடு கிடைத்துவிட்டது என்று ஒருநாள் பெயர் வாசித்தார்கள். லாரி வந்து நின்றது. அந்தப் பொம்பிளை தூங்குகிறாள் என்று உம்மா எழுப்பவில்லை. பிறகு அவளுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை இவர்களுக்குத் தெரியாது.

"பேர் கூப்பிட்டா போகத்தான் வேணும் ஐயா. அந்த மாதிரி இடத்தில வேற என்ன செய்யலாம்," என்றாள். பிறகு, "எழும்பக்குள்ள அவருக்கிட்ட ஏதும் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

யோசிக்க வேண்டியிருந்தது. யாரும் இதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பையைத் தோளில் போட்டது, குனிந்தது, முறுக்குப் பொட்டலத்தின் மிச்சத்தை அவர் பையின்மேல் வைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "போயிட்டு வரேன் அன்சார் பாய்னு சொன்னேன்மா," என்றேன். "அவர் பதில் சொல்லலை."

இப்போதுதான் அவள் அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெகு நேரம் அழுதாள். உம்மா ஏதோ சொல்லித் தேற்றியது கேட்டது.

"அதுக்கு மறுகா அவரோட ஆரும் எங்கட பாஷையில கதைக்கல்ல," என்றாள், குரல் திரும்பியதும். "எடுத்தவங்க, கழுவினவங்க, அடக்கினவங்க, ஒருத்தருக்கும் தமிழ் தெரியா. நீங்க சொன்னதுதான் கடைசி. அவருக்குக் கேட்டிச்சோ இல்லையோ, ஒரு ஆள் அவருக்கிட்டச் சொல்லிட்டுத்தான் போயிரிக்காரு."

நான் கொண்டுவந்த பாரம் குறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அதில் பாதியை அந்தப் பிள்ளை வாங்கி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து திரும்பினார்கள். இர்ஷாத் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. குடித்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இர்ஷாத் எழுந்தார். ஒவ்வொருவராக மறுபடி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்கள். இந்த முறை நானும் இரண்டு கையாலும் பிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் விடைபெறுவதில்லை. போயிட்டு வரேன் என்று அங்கே சொல்லவே கூடாது. மறுபடியும் இப்படி ஒரு காரியத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். பேசாமல் எழுந்து, பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். பிறந்ததிலிருந்து பழகின பழக்கம். நான் திரையின் பக்கம் திரும்பாமல் எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டினேன். படி இறங்கினேன்.

"ஐயா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வாசலில் நின்ற ஆண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். இத்தாவில் இருக்கும் பெண் அவ்வளவு சத்தமாகப் பேசி அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். "சொல்லிட்டுப் போங்க."

மணலில் அப்படியே நின்றேன். "போயிட்டு வரேன்மா," என்றேன்.

இந்தத் தடவை பதில் வந்தது. "ஓம், போயிட்டு வாங்க."